பேசிப் பார்க்காமல் வாங்கிய லேப்டாப்

அந்த லேப்டாப்பை வாங்கிய அன்று விற்றவர் என்னிடம் இரண்டு முறை சொன்னார்: "பேசிப் பாருங்க அண்ணாச்சி." இரண்டு முறையும் நான் பேசிப் பார்க்கவில்லை. பிறகு வந்த தொல்லை எல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

மகள் கல்யாணமாகி சிங்கப்பூர் போய் அப்போது இரண்டாவது வருஷம். மருமகனுக்கு அங்கே ஒரு மெஷின் ஷாப்பில் சூப்பர்வைசர் வேலை. அவளுக்கு ஆறாவது மாதம் நடக்கும்போது, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, விமானம் ஏறக் கூடாது, கூடியவரை படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலைப்பிரசவத்துக்கு எங்கள் ஊரான பிள்ளைப்பாக்கம் வந்துவிடுவாள் என்று என் மனைவி வீட்டுக்கு வெள்ளையடித்து, என் பழைய வேட்டிகளைத் துவைத்துக் கிழித்துக் குழந்தைக்கென்று மடித்து வைத்திருந்தாள். மகள் வர முடியாது என்று ஆனதும், "அப்போ நான் போறேன்" என்றாள். பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்த மனு திரும்பி வந்தது. ரேஷன் கார்டில் அவள் பிறந்தது ஒரு வருஷம், வாக்காளர் அட்டையில் வேறு வருஷம். சரி செய்து மறுபடி கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். மடித்த துணிகள் பீரோவிலேயே இருந்தன.

போனில் வாரம் இரண்டு முறை பேசுவார்கள். என் மனைவிக்கு அது போதவில்லை.

"கால் வீங்கிகீதான்னு கேட்டா இல்லன்றா. பொய் சொல்றாளோ இன்னாவோ, யாருக்குத் தெரியும்? மூஞ்சிய ஒருவாட்டி பாத்தா எனக்குத் தெரிஞ்சிடும்யா" என்பாள்.

நான் போனில் பேசுகிறவன் அல்ல. நேரிலும் அதிகம் பேசுகிறவன் அல்ல. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பது ஒரு காரணம் என்று வெளியில் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பத்தாவது படித்தவர்களில் ஊமையும் உண்டு, பள்ளிக்கூடமே போகாதவர்களில் ஊரைக் கூட்டுகிறவர்களும் உண்டு. எனக்குக் கூச்சம், அவ்வளவுதான். போனை என் காதில் வைத்தால் "சாப்டியாம்மா" என்பேன். அவள் "சாப்ட்டேம்பா" என்பாள். போனை மனைவியிடம் கொடுத்துவிடுவேன்.

ஒரகடத்தில் நான் வேலை செய்த, இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் எனக்கு எதிர் மெஷினில் நின்றவர் என் வயதுக்காரர். எங்கள் லைனில் அப்போது டச் போன் வைத்திருந்த இரண்டு பேரில் ஒருவர். வாய் ஓயாதவர். கேன்டீனில் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"மூஞ்சி பாத்துப் பேசணும்னா லேப்டாப்புதான் மச்சான். புதுசு வாங்காத. ஆன்லைன்ல ஆளுங்களே நேரா விக்கிறாங்க. நடுவுல கடைக்காரன் கெடையாது."

"நம்பலாமா?"

"உன் கல்யாணத்துக்குப் பொண்ணு போட்டோவப் பாத்துட்டுதான சரின்னே? இதுலயும் போட்டோ கீது பாரு."

போனில் தடவித் தடவி ஒரு விளம்பரத்தைக் காட்டினார். வடக்குப்பட்டு. ஊருக்குப் போவதால் விற்பனை. ஒரே ஆள் உபயோகித்தது.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போனேன். பாய்களைச் சுருட்டிச் சுவரோரம் சாத்தியிருந்த ஒரே அறை. கயிற்றில் ஒரே நிறத்தில் ஆறு யூனிபாரம் சட்டைகள். விற்றவர் தென்காசிப் பக்கத்து ஆள், முப்பது வயதிருக்கும். மீதி ஐந்து பேரும் அறையிலேயே இருந்தார்கள். ஒருவர் அரிசி களைந்துகொண்டிருந்தார், மற்றவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பிரஸ்ஸில் அச்சை மாற்றியதும் முதலில் விழுகிற தகட்டை ஃபர்ஸ்ட் பீஸ் என்போம். அதை எடுத்துப் போய் அளவு பார்க்கும் கேஜில் வைத்து, ஓட்டைகளை எண்ணி, விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பிசிர் பார்த்து, ஓகே வாங்கிய பிறகுதான் மெஷினை ஓட்டுவோம். ஓகே வாங்காமல் ஓட்டினால் அந்த ஷிப்டு முழுவதும் அடித்தது கழிவுக்குப் போனாலும் போகும். இருபது வருஷமாக, முதலில் அம்பத்தூரிலும் பிறகு ஒரகடத்திலும், நான் ஒரு நாள்கூட அப்படி ஓட்டியதில்லை.

அந்த லேப்டாப்பையும் அப்படித்தான் பார்த்தேன். மூடியைத் திறந்து மூடி கீல் ஆட்டம் கொடுக்கிறதா என்று பார்த்தேன். கவிழ்த்து, யாராவது கழற்றிப் பூட்டியிருக்கிறார்களா என்று ஸ்க்ரூக்களின் தலையைப் பார்த்தேன். ஒவ்வொரு பட்டனாக அழுத்தினேன். கேமராவைப் போட்டுக் காட்டச் சொன்னேன். திரையில் என் முகம் வந்தது. சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டேன்.

"பேசிப் பாருங்க அண்ணாச்சி. மைக்கு எப்படிக் கேக்குன்னு பாத்துக்கிடுங்க."

ஒரு மெஷினிடம் என்ன பேசுவது? அதுவும் ஆறு பேர் பார்க்க? தலையை ஆட்டினேன்.

"சும்மா பேசிப் பாருங்க அண்ணாச்சி."

"பரவால்ல தம்பி, நல்லாத்தான் கீது" என்று சொல்லி, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று மாலையே எதிர் மெஷின்காரர் வீட்டுக்கு வந்து டேட்டா கார்டைச் செருகி எல்லாவற்றையும் சரிசெய்தார். நீலமாக என்னவோ சுற்றியது. பிறகு மகள் வந்தாள். தலையணையில் சாய்ந்திருந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது. கன்னம் ஒட்டியிருந்தது.

"அம்மா! அப்பா! நான் தெரியறனா?"

என் மனைவி திரைக்குப் பக்கத்தில் போய், "ஏண்டி இப்படி எளைச்சிட்டே? கால காட்டு, கால காட்டு" என்றாள்.

"அம்மா, வாய் அசையுது. சத்தம் வரலம்மா."

"கால காட்டுடீ!"

"ஒண்ணும் கேக்கலம்மா."

மனைவி எழுந்து நின்றே கத்தினாள். அடுத்த வீட்டுக்காரி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, அண்ணன்கூட சண்டையா?" என்று கேட்டாள். "இந்த மனுசன்கூட சண்ட போட்டாதான் ரெண்டு வார்த்த பேசிடுவாரா?" என்று இவள் திருப்பிச் சொன்னது அடுத்த தெரு வரைக்கும் கேட்டிருக்கும். சிங்கப்பூருக்குக் கேட்கவில்லை.

எதிர் மெஷின்காரர் எதை எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "மைக்கு அவுட்டு மச்சான்" என்றார். "வாங்கச்சொல்லோ பேசிப் பாத்தியா?"

"பாத்தேன்."

அவ்வளவு எளிதாக அந்தப் பொய் வந்தது.

"அப்போ அந்தப் பாவிதான் ஏமாத்திட்டான்" என்றாள் மனைவி. "வர ஞாயித்துக்கெழமை போயி அவன் மூஞ்சிலயே வுட்டெறிஞ்சிட்டு வா."

மகள் பேசுவது எங்களுக்குக் கேட்கும், நாங்கள் பேசுவது அவளுக்குக் கேட்காது. ஆகவே என் மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். கண் லேப்டாப்பில், காது போனில். போனில் போட்டுப் பேசிக்கொண்டே திரையைப் பார்ப்பாள். இரண்டும் சேராது. போனில் மகள் சிரித்து முடித்த பிறகு திரையில் சிரிப்பாள். பத்து நிமிஷத்தில் பேலன்ஸ் தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகும் மனைவி கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்பாள்.

அப்படி ஒரு நாள் பேலன்ஸ் தீர்ந்து, அவள் டாப்-அப் போட முக்குக் கடைக்குப் போனபோது நான் மட்டும் திரைக்கு முன்னால் இருந்தேன்.

"அப்பா, சாப்ட்டியா?" என்றாள் மகள்.

நான் யோசிக்கவே இல்லை. என் கை தானாக எழுந்தது. ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோய், பிறகு உள்ளங்கையைக் கீழே அமர்த்தினேன்.

பிரஸ் ஷாப்பில் காதில் ரப்பர் அடைப்பு போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். எதிரில் இருப்பவன் கத்தினாலும் கேட்காது. அதனால் எல்லாமே கைதான். முஷ்டி என்றால் நிறுத்து. உள்ளங்கையைத் திருப்பினால் அச்சு மாற்ற வேண்டும். விரலைக் குவித்து வாயருகே கொண்டுபோனால் சாப்பாடு, அமர்த்தினால் முடிந்தது. ஆள்காட்டி விரலை நிமிர்த்தி, பிறகு இரண்டு கையையும் நீட்டினால் ஃபர்ஸ்ட் பீஸ் வந்துவிட்டது, பார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வளையமானால் ஓகே. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் காலத்தில் எனக்கு ஒரு மணி நேரம் காது அடைத்தே இருக்கும். மகள் சின்னப் பிள்ளை. அவளிடம் கையாலேயே பேசுவேன். அவளும் அப்படியே பழகிவிட்டாள். எல்லா அப்பாக்களும் வீட்டில் இப்படித்தான் பேசுவார்கள் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

என் கையைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. "அசையக் கூடாதுன்னு சொல்லிகீறாங்கப்பா, சிரிக்க வைக்காத" என்றாள். பிறகு அவளும் வாயை மூடிக்கொண்டு கையை எடுத்தாள். முஷ்டி காட்டி, தன்னையே தொட்டு, கண்ணை உருட்டினாள். 'என் மெஷினை நிறுத்திப் போட்டுவிட்டார்கள்' என்கிறாள். நான் உள்ளங்கையை மேலும் கீழும் ஆட்டினேன். மெதுவாக, மெதுவாக. அவள் தன் வயிற்றைக் காட்டி, ஒரு காலால் உதைப்பது போல் விரலால் உதைத்தாள். நான் கடிகாரத்தைக் காட்டி எந்த ஷிப்டில் என்று கேட்டேன். மூன்று விரலைக் காட்டினாள். நைட் ஷிப்டுக்காரன்.

என் மனைவி திரும்பி வந்தபோது இருபது நிமிஷம் ஆகியிருந்தது. அவ்வளவு நேரம் நான் மகளோடு தொடர்ந்து பேசியது அதுவே முதல் தடவை.

"இன்னாயா இது ஊம பாஷ? எனக்கும் சொல்லு" என்றாள். சொல்லிக் கொடுத்தேன். அவளுக்கு வரவில்லை. கை ஆடினால் வாயும் சேர்ந்து ஆடியது.

அந்த ஞாயிறு நான் வடக்குப்பட்டு போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை. ஒரு நாள் ஓ.டி. என்றேன், ஒரு நாள் சைக்கிள் பஞ்சர் என்றேன். போனால் அவர் "நான் சொன்னேனே" என்பார். அது ஒரு காரணம். இன்னொன்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது. மைக் கெட்டிருந்தது எனக்குப் பிடித்திருந்தது. அது சரியாகிவிட்டால் நான் மறுபடி "சாப்டியாம்மா" என்று கேட்டுவிட்டுத் தள்ளி உட்கார வேண்டியவன்தான்.

எட்டாவது மாதம் ஒரு நாள் மாலை. ஷிப்டு முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். "யோவ், இங்க வா, சீக்கிரம் வா" என்று மனைவி கூப்பிட்டாள். திரையில் மகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"லேசா பட்டுச்சும்மா. ரத்தம். அவருக்கு போன் போட்டுட்டேன், வந்துகினு கீறாரு. ஆம்புலன்ஸ் வருது, அவங்க கூப்புடுவாங்க, போன காலியா வெக்கணும். பயமா கீதும்மா. ஏதாச்சும் சொல்லேன்."

என் மனைவி போனை எடுத்தாள். பேலன்ஸ் இல்லை. முக்குக் கடை அன்று மூடியிருந்தது. போனைக் கட்டிலில் போட்டுவிட்டுத் திரையோடு வாயை வைத்துக்கொண்டு, "ஒண்ணும் ஆவாதுடி கண்ணு, அம்மா கீறேன், ஒண்ணும் ஆவாது, உன்னப் பெக்கச்சொல்லோ எனக்கும் இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தப் பக்கம் மகள், "கேக்கலம்மா, கேக்கலம்மா" என்று அழுதாள்.

நான் முன்னால் போய் நின்றேன். கையைத் தூக்கினேன். எங்கள் பிரஸ் ஷாப்பில் 'பயப்படாதே' என்பதற்குச் சைகை கிடையாது. அங்கே யாரும் யாருக்கும் அதைச் சொல்ல வேண்டி வந்ததில்லை. இருபது வருஷத்துச் சைகையையும் மனதுக்குள் தேடினேன். கடைசியில் உள்ளங்கையை மேலும் கீழும் ஆட்டினேன். மெதுவாக. மெதுவாக. அவள் என் கையையே பார்த்து மூச்சு விட்டாள். மருமகன் ஓடி வந்து அவளைத் தூக்கும் வரை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று ஒன்றும் ஆகவில்லை. ஊசி போட்டு, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்புவார்கள் என்று மருமகன் ஒரு மணி நேரத்தில் போன் செய்தார். அதுவரை மனைவி லேப்டாப்பை மூடவில்லை. காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"உனக்குக் கை கீது" என்றாள். "எனக்கு வாய் மட்டும்தான் கீது. அது அவகிட்ட போவல."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அந்தத் தம்பி ஏமாத்தல. பேசிப் பாருங்கன்னு ரெண்டுவாட்டி சொன்னாரு. நான்தான் பேசல."

"ஏன்?"

"ஆறு பேரு பாத்துகினு இருந்தாங்க."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தாள். "நாளைக்குப் போ" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் ஃபர்ஸ்ட் ஷிப்டு முடிந்ததும் பையோடு நேராக வடக்குப்பட்டு போனேன். அந்தத் தென்காசிக்காரர் அறை நடுவில் உட்கார்ந்து ஒரு சூட்கேஸைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் ஊருக்குக் கிளம்புகிறாராம். என்னைப் பார்த்ததும் கயிற்றை விட்டுவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, லேப்டாப்பு ஓடுதுலா?"

"ஓடுது தம்பி. மாசமா கீற பொண்ணுகிட்ட நாங்க பேசுறது மட்டும் அந்தப் பக்கம் கேக்கல."

"நா அன்னைக்கே பேசிப் பாருங்கன்னு சொன்னேம்லா?"

"சொன்னீங்க. தப்பு என்மேலதான். கூச்சப்பட்டுகினு பேசாம எடுத்துகினு போயிட்டேன்."

சண்டைக்குத் தயாராக இருந்தவர் உட்காரச் சொன்னார். லேப்டாப்பை வாங்கி ஒரு பக்கத்தைத் திறந்து, "ஒன்னு, ரெண்டு, மூனு" என்று சொல்லிப் பதிவு செய்து கேட்டார். சத்தமே இல்லை. முகம் கறுத்துவிட்டது.

"சத்தியமா எனக்குத் தெரியாது அண்ணாச்சி. ஆறு பேரு கெடக்க ரூம்ல எப்படி வாய்விட்டுப் பேச? எங்க வீட்டுக்காரிகிட்ட எப்பமும் ஹெட்போனை மாட்டித்தான் பேசுவேன். இந்த மைக்கைத் தொட்டதே இல்ல."

மூலையில் படுத்திருந்த ஒருவர், "ஹெட்போன் மாட்டியே இவன் கொஞ்சுறது வாட்டர் டேங்க் வரைக்கும் கேக்கும்ணே" என்றார்.

"நீ பேசாம கெட, லேய்."

கட்டிய சூட்கேஸை மறுபடி அவிழ்த்தார். லுங்கிகளுக்கு அடியிலிருந்து ஒரு ஹெட்போனை எடுத்தார். வாய்க்கு நேராக ஒரு குச்சி வளைந்து வந்தது. அதன் ஒரு காதில் பஞ்சு பிய்ந்து, அங்கே பெண்கள் பின்னுவது போல் நூலால் அழகாகப் பின்னியிருந்தது. பச்சை, ரோஸ் என்று இரண்டு நிறப் பின்னல். செருகி என் தலையில் மாட்டினார்.

"இப்பமாவது பேசுங்க அண்ணாச்சி."

இந்த முறையும் ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் ஒரு பச்சைக் கோடு படுத்துக் கிடந்தது. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"சாப்டியாம்மா" என்றேன்.

கோடு எழுந்து ஆடியது. அவர் அதைத் திருப்பிப் போட்டார். நான் என் குரலை வெளியிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. மெலிசாக, கேட்பதற்கே அனுமதி கேட்பது போல் இருந்தது. இத்தனை வருஷமாக மகள் இந்தக் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அது அவ்வளவு மோசமாக இல்லை என்று எனக்குத் தோன்றியது.

"இது உங்களுக்கு வேணுமே தம்பி" என்றேன்.

"நாளைக்கு நேர்லயே போய்ப் பேசப் போறேன். இனி எனக்கு எதுக்கு?" என்றார். பிறகு, "பேரப்பிள்ளை பொறந்தா ஒரு மிஸ்டு கால் குடுங்க" என்றார்.

அன்றிலிருந்து ஹெட்போன் என் மனைவியுடையது. அதை மாட்டிக்கொண்டால் அவள் பஸ் கண்டக்டர் போல் ஆகிவிடுவாள். எதைத் தின்ன வேண்டும், எந்தப் பக்கம் படுக்க வேண்டும், ஊரிலிருந்து போன் செய்கிற மாமியாரிடம் என்ன சொல்ல வேண்டும், என்ன சொல்லக் கூடாது, எல்லாம் தடையில்லாமல் போனது. மகளுக்குக் கன்னம் கொஞ்சம் வைத்தது. ஹெட்போன் செருகியிருக்கும்போது வெளியில் சத்தம் வராது. ஆகவே இப்போது எனக்கு மகளின் முகம் மட்டும்தான். அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்து, விரலைக் குவித்து வாயருகே கொண்டுபோவாள். நான் அமர்த்திக் காட்டுவேன்.

குழந்தை பிறந்து ஐந்தாம் நாள் மகளும் குழந்தையும் அவர்களுடைய சிங்கப்பூர் வீட்டுக்கு வந்தார்கள். என் மனைவியின் பாஸ்போர்ட் அதுவரை வரவில்லை. அன்று லேப்டாப்பை மேஜைமேல் வைத்து, அதற்குப் பக்கத்தில் மனைவி ஏனோ அந்த மடித்த வேட்டித் துணிகளையும் எடுத்து வைத்தாள். மகள் வந்தாள். மடியில் ஒரு துணி மூட்டை. மனைவி ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு, "அழுவுதுயா, அழுவுது, எனக்குக் கேக்குது" என்று தானும் அழுதாள்.

மகள் என்னைப் பார்த்தாள். ஆள்காட்டி விரலை நிமிர்த்தினாள். பிறகு இரண்டு கையாலும் குழந்தையைத் திரைக்கு நேராக நீட்டினாள்.

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போனேன். அவசரப்படவில்லை. அவள் துணியை விலக்கிக் கையைக் காட்டினாள். விரல்களை எண்ணினேன். காலைக் காட்டினாள். எண்ணினேன். காதைத் திருப்பிக் காட்டினாள், அந்தக் காதையும் பார்த்தேன். கறுப்பாக, நனைந்தது போல் முடி. கொட்டாவி விட்டது. எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகுதான் கையைத் தூக்கி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையம் காட்டினேன். மகள் குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

என் மனைவி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினாள். நூல் பின்னிய பக்கம் சூடாக இருந்தது.

"கை ஆட்டனது போதும். வாயத் தொறந்து பேசு."

காதுக்குள் குழந்தையின் அழுகை. அதற்குப் பின்னால் மகள் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அப்பா? நீயா மாட்டிகினு கீறே?"

"சாப்டியாம்மா" என்றேன்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"சாப்ட்டேம்பா" என்றாள் மகள். "நீ பேசினே இரு. உன் பேத்தி அழுகைய நிறுத்திட்டா பாரு."